அவள் கேட்ட பதினாறு

படிப்பை முடித்த என் மகளுக்கு முதல் வேலை ஆவடியில் ஒரு காதணி விழாவில் கிடைத்தது. படம் எடுத்து, திருத்தி, ஆல்பமாகத் தர வேண்டும். கேமரா தோழியுடையது. லேப்டாப் நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

பதினாறு ஜிபி ராம் வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தின் மேல் அடுக்கடுக்காக வேலை செய்யும்போது அத்தனையையும் அதுதான் தாங்க வேண்டும், எட்டு திணறிவிடும் என்று பொறுமையாக விளக்கினாள். தலையாட்டினேன். அம்பத்தூர்க் கடைக்குப் போனதும் பக்கத்தில் நின்ற அவளை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டேன். எட்டே தாராளம் என்றார். அவரிடம் அன்று எட்டுதான் இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

"அப்பா, பின்னாடி ஏத்திக்க முடியுமான்னாவது கேளுங்க."

"நம்ம மாடில கம்பி எதுக்கு விட்டு வச்சிருக்கோம்? வேணும்கறப்ப மேல கட்டிக்கலாம்னுதான? எல்லாத்தையும் இன்னிக்கே வாங்கிடணுமா உனக்கு?"

கடைக்காரர் சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்ததில் எனக்கு ஒரு திருப்தி. எட்டு ஜிபிக்கே பணம் கட்டினேன். பெட்டியை அவள் தூக்கிக்கொண்டாள்.

நெமிலிச்சேரியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மொட்டைமாடியில் அந்தக் கம்பிகள் துருப்பிடித்து நிற்கின்றன. முடிந்ததை முதலில் செய், மீதியைப் பிறகு சேர். இருபத்தைந்து வருடமாக நான் அப்படித்தான் குடும்பம் நடத்துகிறேன்.

விழா நன்றாக நடந்தது. ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் நான்கு படங்களைச் சேர்த்ததும் லேப்டாப் உறைந்துபோனது. அணைத்துப் போட்டால் செய்த வேலை போய்விடும். மூன்று நாளில் ஆறு பக்கம்தான் தேறியது. காது குத்திய குழந்தையின் அப்பா ஞாயிறன்று துபாய் திரும்புகிறார், ஆல்பத்தைக் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ராமைக் கூட்டித் தரச் சொல்லி லேப்டாப்பை மண்ணூர்பேட்டையில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அடிமூடியைக் கழற்றி என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சொருவறதுக்கு எடமே இல்ல சார். போர்டோடவே ஒட்டி வந்துகீது. வாங்கசொல்லவே பாத்து வாங்கணும். யாரும் சொல்லலியா?"

இல்லை என்று தலையசைத்தேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் அப்பா ஆல்பம் இல்லாமலே விமானம் ஏறினார். மறுநாள் குழந்தையின் அம்மா போன் செய்தார். பக்கத்து அறையில் வேட்டியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா, என் தப்புதான். வேலை எவ்ளோ நேரம் புடிக்கும்னு எனக்குத் தெரியல. சரிக்கா. படம் எல்லாத்தையும் அனுப்பிடறேன், வேற யார்கிட்டயாவது குடுத்துக்கோங்க."

எழுந்துபோய் அந்தப் போனை வாங்கியிருக்கலாம். நாலே எட்டு வைத்தால் போதும். மடித்த வேட்டியை உதறி மறுபடி மடித்தேன்.

வெளியே வந்தவளிடம் போனில் யார் என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"யாருமில்லப்பா" என்றாள்.

சரி என்றேன்.