மூன்று தட்டு

கம்பி சுற்றும்போது ரேயால் கிராட்டன் மூச்சு விடுவதில்லை. முதல் சுற்றுக்கு முன்னால் உள்ளே போகிற காற்று, கடைசிச் சுற்று முடிந்து கம்பியின் இரண்டு வாலும் நேராக நின்ற பிறகுதான் வெளியே வரும். இடையில் யார் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள். தெரியாதவர்கள் கிழவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கனடாவின் சட்பரி நகரத்தில், சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில், வேப் என்கிற மின்சிகரெட் விற்கும் கடையின் மூலை மேஜைதான் அவருடைய ராஜ்யம். வெளியிலிருந்து சரக்கு தெரியக்கூடாது என்று சட்டம். அதனால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. பிப்ரவரிப் பனியின் வெளிச்சம் அதன் வழியே பால்போல் வடிந்து வரும். உள்ளே ப்ளூபெர்ரி மணக்கும் ஆவி எந்நேரமும் மிதக்கும். அதற்கு நடுவில், கதவை அடைக்கிற உடம்போடு, அறுபத்திரண்டு வயது மனிதர் ஒருவர், தையல் நூலைவிடச் சற்றே தடித்த கம்பியை ஒரு சின்னத் திருப்புளியின் தண்டில் சுற்றிக்கொண்டிருப்பார்.

வேப் பிடிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்குவார்கள், தீர்ந்ததும் எறிவார்கள். சிலர் மட்டும் உள்ளே இருக்கிற கம்பிச்சுருளைக் கழற்றி மாட்டுகிற ரகம் வைத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் ரேயால். ரொட்டி சுடும் டோஸ்டருக்குள் சிவந்து கிடக்குமே, அதே நிக்கல் கலந்த கம்பி. அதற்குள் பஞ்சைத் திணித்து, திரவத்தில் நனைத்து, பொத்தானை அமுக்கினால் கம்பி சுடும், திரவம் ஆவியாகும். சுற்று குறைந்தால் கம்பி கொதிக்கும், ஆவி முரட்டுத்தனமாக வரும். சுற்று கூடக் கூட மின்சாரம் திணறும், ஆவி சாதுவாகிவிடும். ஊருக்கெல்லாம் அவர் போடுவது ஆறு சுற்று. எண்ணுவதில்லை, கை தானாகவே ஆறில் நின்றுவிடும்.

சுருளை மாட்டியதும் கல்லாப் பக்கம் திரும்பாமலே, "ஐலி, இருட்டு" என்பார்.

கடைக்காரி ஐலி விளக்கை அணைப்பாள். கடையில் இருக்கும் எல்லோரும் அப்படியே நிற்பார்கள். ரேயால் பொத்தானைத் தொட்டுத் தொட்டு விடுவார். நடு வளையத்தில் முதலில் ஒரு செம்புள்ளி. அது இரண்டு பக்கமும் மெல்லப் பரவி, ஆறு வளையமும் ஒரே நிறத்துக்கு வரும். நகத்தளவு வெளிச்சம்தான். ஆனாலும் பனிக் கோட்டும் பூட்ஸுமாக வந்தவர்கள் வந்த காரியத்தை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நடுவுல செவந்தா நல்ல புள்ள. ஓரத்துல செவந்தா அது கோவக்காரக் கம்பி, உரசிச் சமாதானம் பண்ணணும்" என்பார் இருட்டிலிருந்து.

"பெருசு, உனக்கு இதுல பாதி வேல, பாதி சினிமா" என்பாள் ஐலி.

இதற்கு முன் இருபத்தொன்பது வருடம் அவர் சுற்றியது வேறு கம்பி. நிக்கல் சுரங்கத்தில் ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டு, மணிக்கட்டுத் தடிமன் எஃகுக் கயிற்றில் தொங்கும். வீட்டளவு உருளையில் அந்தக் கயிறு சுற்றும். அந்த உருளையை ஓட்டியவர் ரேயால். தரைக்கு மேலே ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். கூண்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கீழேயிருந்து மணி அடிப்பது மட்டும் கேட்கும். மூன்று முறை மணி அடித்தால், ஆள் ஏறியிருக்கிறது, பார்த்து விடு என்று அர்த்தம். அந்த வருடங்களில் அவர் தூக்கத்திலும் கயிறு சுற்றியிருக்கிறார். யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தொங்கிக்கொண்டிருக்க, தன் கை மட்டும் அசைகிற கனவு அது. இப்போதும் வருகிறதாம். கம்பி மட்டும் மெலிந்துபோயிற்று.

அந்தப் பழக்கத்தில் மிச்சமிருப்பது ஒன்றுதான். ஒரே ஒருவருக்குச் சுருள் செய்யும்போது மட்டும், சுற்றுவதற்கு முன் விரலால் மேஜையை மூன்று முறை தட்டுவார். அந்த ஒருவர், வியாழக்கிழமை தோறும் வரும் அவருடைய அக்கா யூகெட். அந்த மூன்று தட்டின் அர்த்தம் அவளுக்கும் தெரியும்.

யூகெட்டுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பதினைந்து வயதில் பிடித்த சிகரெட்டை ஒன்றரை வருடத்துக்கு முன்புதான் விட்டாள். தம்பி செய்து கொடுத்த வேப்தான் அதற்குக் காரணம். ஆனால் இடது கால் அதற்குள் கெட்டுவிட்டது. ரத்தம் பாதத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஏப்ரலில் ஆபரேஷன். அதற்குள் உடம்பில் நிகோடின் துளியும் இருக்கக்கூடாது, இருந்தால் காலில் ஒட்டுப்போடுகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு காலை எடுக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரவத்தில் நிகோடினைக் குறைக்கலாம் என்று ரேயால் அக்டோபரில் பேச்செடுத்தார்.

"அந்த பாட்டில்ல கைய வச்சுப் பாரு. நேரா பெட்ரோல் பங்குக்குப் போயி சிகரெட் வாங்கிருவேன்" என்றாள் யூகெட். சொன்னால் செய்கிறவள்.

ரேயால் பாட்டிலில் கை வைக்கவில்லை, சுருளில் வைத்தார். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற மின்சில்லு எதுவும் இல்லாத வெறும் பித்தளைக் குழாய் அவளுடையது. கம்பி கொடுப்பதுதான் ஆவி. அக்டோபரில் ஆறு சுற்று. அடுத்த மாதம் ஏழு. அப்புறம் எட்டு, ஒன்பது. பிப்ரவரியில் பத்து. அவளுக்குப் போகும் ஆவி மாதத்துக்கு மாதம் மெலிந்தது. அவளுக்குத் தெரியாமல் அவளை ஆழத்திலிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். தெரிந்தால் கயிறு அறுந்தது என்று அர்த்தம். அந்தப் பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

"ஏன்டா, இது முன்ன மாதிரி இழுக்கலியே?"

"குளுருதான்க்கா. குளுருல பேட்டரி படுத்துக்கும்."

"பஸ்ஸு பேட்டரியவே நான் திட்டிக் கெளப்புனவ. இது என்ன" என்று அவள் பித்தளைக் குழாயைக் கையில் உருட்டிச் சூடேற்றுவாள். ரேயால் தலை நிமிர மாட்டார்.

போன வியாழக்கிழமை யூகெட் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். நடை இன்னும் மோசம்; வாசலிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். ரேயாலின் கண் அந்தப் பூட்ஸின் மேலேயே இருந்தது. கம்பியை எடுத்தார், மூச்சை இழுத்தார், சுற்றினார். மேஜையைத் தட்ட மறந்துவிட்டார். எண்ணவும் மறந்துவிட்டார். கை எங்கே நிற்குமோ அங்கே நின்றது.

விளக்கை அணைத்தபோதாவது தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. அந்தச் செம்மைக்கு அப்பால் அக்காவின் முகம் கொஞ்ச நேரம் சின்ன வயது முகமாகத் தெரிந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு வைத்து, மூடியைத் திருகி, நீட்டினார்.

யூகெட் ஒரு இழுப்பு இழுத்தாள். இருமினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. வாயிலிருந்து வந்த ஆவி பேருந்தின் பின்பக்கப் புகைபோல் மேஜையை மூடியது. அது கலைந்தபோது அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எத்தன சுத்து?"

மூடியைத் திறந்து பார்க்கவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. "ஆறு."

"போன வாரம்?"

ரேயால் திருப்புளியை மேஜைமேல் வைத்தார். "பத்து."

"அப்ப பேட்டரி படுத்துக்கல."

"இல்லக்கா."

கல்லாவில் ஐலி எதையோ துடைக்கிற மாதிரி நின்றாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"நாலு மாசமா எங்கிட்ட பொய் சொல்லியிருக்க. உனக்குப் பொய்யே வராதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டா நான்."

"நீ பெட்ரோல் பங்குக்குப் போயிருவியோன்னு பயந்தேன். கால எடுத்துருவாங்களேன்னு பயந்தேன்."

யூகெட் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். இந்த முறை இருமல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், தோள்கள் இறங்கின, முகத்தில் பழைய சுகம் பரவியது. அக்டோபரிலிருந்து கட்டியதெல்லாம் போயிற்று என்று நினைத்தார் ரேயால். அவளைத் திட்டவும் தோன்றவில்லை, கெஞ்சவும் தோன்றவில்லை. வெள்ளைக் கண்ணாடிக்கு வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று மஞ்சள் விளக்கோடு நிழலாக ஊர்ந்து போனது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் யூகெட், கடைசியில். மூன்றாவது இழுப்புக்குக் குழாயை வாய்வரை கொண்டுபோனவள், அங்கேயே நிறுத்தினாள். பிறகு மேஜைமேல் வைத்து, மூடியைத் தானே திருகிக் கழற்றி, இன்னும் சூடாக இருந்த சுருளோடு தம்பி பக்கம் தள்ளினாள். கையுறைகளை உருவினாள். இரண்டு கையையும் விரித்து, பத்து விரலையும் அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். மடக்கினாள். பிறகு சுட்டுவிரலைக் கீழே கொண்டுவந்து, அவர் தட்ட மறந்த மேஜையில் மூன்று முறை தட்டினாள்.