பள்ளத்துக்கும் பத்திய சிவப்பு லைட்

சண்டை நின்று ஏ9 பாதை திறந்த பிறகு, டர்போ பூட்டிய பழைய பெற்றோல் கார் ஒன்றை வாங்கி மல்லாவியில் வாடகைக்கு ஓடினேன். கூடாத பெற்றோல் ஊற்றினால் டர்போ எஞ்சின் உள்ளே தட்டும். கவனிக்காமல் ஓடினால் பிஸ்டன் உடையும். தட்டலை அறிவிக்கும் கருவியை வவுனியாவில் ஒரு கடையில் கேட்டேன். காதில் மாட்டிக் கேட்பது ஒன்று, சிவப்பு லைட் எரிவது ஒன்று என இரண்டு வகை இருந்தன.

"லைட் உள்ளதைக் கொண்டுபோங்கோ. கொழும்பில எல்லாரும் இதுதான்," என்றார் முதலாளி. நம்பினேன்.

ஓமந்தை தாண்டியதும் தொல்லை தொடங்கியது. பள்ளத்தில் விழுந்த அதிர்வுக்கும் லைட், கல் அடித்தாலும் லைட். எரிச்சலில் அதைப் பார்ப்பதையே விட்டேன்.

ஒருநாள் ரீச்சர் ஒருவரைக் கிளிநொச்சிக்கு ஏற்றிப் போனேன். "உதென்ன தம்பி, சிவப்பாப் பத்துது?" என்று கேட்டா.

"அது பள்ளத்துக்குப் பத்துறது ரீச்சர், விடுங்கோ."

"இப்ப புதுசாத் தார் போட்ட றோட்டிலயல்லோ போறம். பிறகேன் பத்துது?"

திடுக்கிட்டு நிறுத்தினேன். பெற்றோல் டாங்கி மூடியைத் திறந்தால் மண்ணெண்ணெய் நாற்றம். காலையில் தெருவோரத்தில் போத்தலில் வாங்கி ஊற்றியது! இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் எஞ்சின் முடிந்திருக்கும்.

பள்ளத்துக்கும் தட்டலுக்கும் ஒரேமாதிரிப் பத்தும் கருவி எதற்கென்று திருப்பிக் கொடுக்கப் போனேன். "கருவியில பிழையில்லை, உங்கட றோட்டிலதான் பிழை," என்றார் முதலாளி.

"அந்த றோட்டில ஓடுறவனுக்குத்தானே வித்தனீங்கள்?"

இப்போது போத்தல் பெற்றோலை மணந்து பார்க்காமல் ஊற்றுவதில்லை. காருக்கு எதை வாங்கினாலும், விற்பவரைப் பக்கத்தில் இருத்திப் பள்ள றோட்டில் ஒரு சுற்று ஓடிக் காட்டிய பிறகே காசு கொடுக்கிறேன்.