கதவோரத்துக் கை

பல்லக்கா என்று கூப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பின்னே, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் வாய்க்குப் பல்செட் செய்து கொடுக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவள் பிளாஸ்டரில் ஈறு வார்த்து, மெழுகில் பல் வரிசை கட்டி, மெருகேற்றித் திருப்பிக் கொடுப்பாள். முகம் தெரியாத மனிதர்களின் வாய்களெல்லாம் அவள் மேசைமேல் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகத் தெரியாதவள் அவள். ஏன், எதுக்கு, எப்படி என்று குடைந்தெடுத்துவிடுவாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். களைத்துப்போய் வந்து உட்காருகிற மனுஷனிடம், வழியில் என்ன பார்த்தீர்கள், எதிரே வந்தவன் ஏன் அப்படித் திரும்பினான் என்று ஆரம்பித்தால் ஓயமாட்டாள். “உங்கிட்ட மாட்டுறதுக்குப் போலீஸ்ல மாட்டலாம்” என்று அவர் துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். அவளும் விடாமல் குளியலறை வாசலில் நின்று மிச்சத்தைக் கேட்பாள்.

இந்தக் குடைச்சல் புத்திதான் அவளை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒருநாள் ஒரு டாக்டரிடம் பல்செட் கொடுக்கப் போயிருந்தாள். காத்திருக்கும் அறை டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ராக்கெட்டில் மூன்று பேர் எங்கேயோ ஒரு கிரகத்துக்குப் போய், கோரைப்பல் வைத்த ராஜா ஒருவனிடம் மாட்டிக்கொள்கிறார்கள். ராஜா ஆத்திரத்தில் கிண்ணத்தைக் கடிக்க, இடப்பக்கக் கோரைப்பல் முனை உடைகிறது. அடுத்த காட்சியில் பார்த்தால் இடப்பக்கம் முழுசாக இருக்கிறது, வலப்பக்கம் உடைந்திருக்கிறது.

“அடப்பாவி! உடைஞ்ச பல்லு அந்தப் பக்கம் எப்படிப் போச்சு?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வலியை மறந்து எழுந்து நின்றார். “ஏம்மா, இந்தப் படத்த எத்தன தரம் பாத்திருக்க?”

“இப்பதாங்க மொதத் தரம்.”

“மொதத் தரத்துலயேவா! நாங்க வருஷக்கணக்கா பாக்குறோம், ஒருத்தன் கண்ணுலயும் படலயே! நீ எங்க ஆளும்மா.”

அவர்தான் கதவண்ணன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வாத்தியார். மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அறையில் ஏழெட்டுப் பேர் கூடி அந்த ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். வேறு படம் போட்டால் அடிதடிதான். அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே வர வேண்டுமென்றால் படத்தில் இதுவரை யாரும் பார்க்காத தப்பு ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்தத் தப்பு அப்புறம் கண்டுபிடித்தவருக்கே சொந்தம். அந்த இடம் வரும்போது அவர்தான் கத்த வேண்டும், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் வராத அன்று அந்த இடத்தில் எல்லாரும் மௌனம்.

பெயர்களும் அப்படி வந்தவைதான். ராஜாவின் காவலாளி முதுகில் ஜிப் தெரிகிறது என்று கண்டுபிடித்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஜிப்பு. ஒரே சூரியன் உள்ள கிரகத்தில் ஆளுக்கு இரண்டு நிழல் விழுகிறது என்று சொன்ன நர்ஸ் நிழல். நிழல் எப்போதும் லேட். டூட்டி முடிந்து ஓடிவந்து, படம் பாதியில் இருக்கும்போது கதவைத் தட்டுவாள். மழைத் தண்ணீர் குடித்து உப்பிப்போன கதவு அது. வெளியிலிருந்து தள்ளினால் அசையாது, உள்ளேயிருந்து யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். ஜிப்பு முனகிக்கொண்டே எழுந்து போவார்.

தப்பைத் தேடித் தேடிச் சிரிக்கிறார்களே, படத்தின் மேல் இளக்காரமோ என்று நினைத்துவிடாதீர்கள். வெளியாள் ஒருவன் வந்து “மட்டமான படம்” என்று சொல்லிப் பார்க்கட்டும், தொலைந்தான். அவர்களுக்கு அந்தப் படத்தின்மேல் உயிர்.

கூட்டத்தின் உச்சகட்டம் கதவண்ணனுடையது. சிறையில் கிடக்கும் மூன்று பேரும் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள, இரும்புக்கதவு தானாகவே திறக்கும். தானாக எங்கே திறந்தது? ஓரத்தில் ஒரு கை பளிச்சென்று தெரியும், கதவை இழுக்கும். “ஐயா, கைய எடுங்க!” என்று கதவண்ணன் போடுகிற சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் கையை எடுத்துவிடுவான். பழைய பல்செட் அந்தச் சத்தத்துக்குத் தாங்காமல் ஒரு தரம் கழன்று ஜிப்புவின் டீக்குள் விழுந்திருக்கிறது. பல்லக்கா கூட்டத்தில் சேர்ந்து செய்த முதல் காரியம், கத்தினாலும் கழலாத பல்செட் ஒன்றை அவருக்குச் செய்து கொடுத்ததுதான்.

கதவண்ணனின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. “மாசம் பூரா பக்கத்து சீட்ல உக்காந்து உயிரக் கையில புடிச்சிருக்கேன். இங்க வந்து ஒரு தரம் கத்தினாத்தாம்மா எனக்கு அந்த மாசம் முடியும்” என்பார் கதவண்ணன்.

அப்படிப்பட்ட கத்தலில்தான் பல்லக்கா மண்ணைப் போட்டாள்.

கால் சுளுக்கி அவள் வீட்டில் கிடந்த வாரம் அது. சும்மா இருக்க முடியுமா அவளால்? படத்தைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கதவோரத்துக் கையை நிறுத்தினாள். சுண்டுவிரலில் பாதி இல்லை. யாருடைய கையாக இருக்கும், செட்டில் வேலை பார்த்த யாரோ பாவம் விரலை எங்கே விட்டானோ என்று யோசித்துக்கொண்டே மேலே ஓட்டினாள். விருந்துக் காட்சி வந்தது. ராஜாவின் பக்கத்தில் எப்போதும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிற மந்திரி கோப்பையைத் தூக்கினான். பாதிச் சுண்டுவிரல்!

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் கதவு தானாகத் திறக்கவில்லை. ராஜாவுக்குத் தெரியாமல் மந்திரிதான் திறந்துவிட்டிருக்கிறான். அது தப்பே இல்லை. கதையே அதுதான்.

கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம். ஆனால் அவள் ஓட்டை வாய் ஊரறிந்தது. அடுத்த கூட்டத்தில் படம் போடுவதற்கு முன்பே கொட்டிவிட்டாள். ஓட்டிப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். “அடேங்கப்பா, இத்தன நாளா நம்ம கண்ணு எங்க போச்சு?” என்று அன்றைக்கு அதிசயமாக நேரத்துக்கு வந்திருந்த நிழல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஜிப்புதான் வழக்கம்போல நாக்கைச் சுழற்றினார். “அப்ப அண்ணன் கையில இருந்தது தப்பே இல்லயே. சட்டப்படி பாத்தா அண்ணன் இங்க வெளியாளுல்ல!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவண்ணனும் சிரித்தார். அன்றைக்கு அந்த இடம் வந்தபோது மட்டும் அவர் கத்தவில்லை, தண்ணீர் குடித்தார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கதவு திறக்கும் இடத்தில் சட்டப்படி எல்லாரும் மௌனமாக இருந்தார்கள். திரையில் அந்தக் கை மட்டும் வந்து, இழுத்து, போனது. ஒரு மனுஷனுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை நோண்டிப் பார்க்கிறேன் என்று உடைத்துவிட்டோமே! புதுத் தப்பு ஒன்று கண்டுபிடித்து அவருக்குக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தேட ஆரம்பித்தாள். பல் ராவும்போது தேடினாள், சாப்பிடும்போது தேடினாள். வீட்டுக்காரர்கூட, “ராக்கெட்டுல ஹேண்ட் பிரேக் இல்லையே, அது தப்பா?” என்று தன் பங்குக்குக் கேட்டார். அது தப்பில்லையாம். கூட்டம் பொறுக்கியது போக அந்தப் படத்தில் ஒரு தப்பும் மிச்சமில்லை. இவ்வளவு ஒழுங்காக எடுத்துத் தொலைத்திருக்கிறானே என்று எடுத்தவன்மேல் எரிச்சல்தான் வந்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் கதவண்ணனே அவள் பட்டறைக்கு வந்து நின்றார். “பல்லு ஆடுதும்மா. கொஞ்சம் பாரு.”

வாங்கிப் பார்த்தாள், அவர் வாயில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பல் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆடவுமில்லை, ஒன்றுமில்லை. மனுஷன் பேச வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

“அண்ணே, என்மேல கோவந்தானே? வேணும்னா என் தப்ப நீங்க எடுத்துக்குங்க. ராஜா பல்லு இனிமே உங்களுக்கு. நான் கத்தல.”

“போம்மா, உங்கிட்ட பல்லு வாங்கியே பழகிப்போச்சு, இதுவேறயா?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “கோவம் உன்மேல இல்ல. எனக்கே வெக்கமா இருக்கு. அந்த மந்திரி உயிரப் பணயம் வச்சு மூணு பேரக் காப்பாத்தியிருக்கான். அவனப் பாத்து இத்தன வருஷமா கைய எடு, கைய எடுன்னு கத்தியிருக்கேன் பாரு. வண்டி எங்கயாவது மோதப் போறப்ப நான் பக்கத்து சீட்லேருந்து கை நீட்டி ஸ்டியரிங்கப் புடிக்கிறேன், அப்ப ஒருத்தன் இப்படிக் கத்தினா எனக்கு எப்படி இருக்கும்?”

பல்லைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார். “அது சரி. அந்த ஆளு கடைசில என்ன ஆனான்?”

“விருந்துக்கு அப்புறம் அவன் படத்துலயே இல்லண்ணே. கடைசிச் சபையில ராஜா பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கெடக்கு.”

“காலியாவா? நான் பாத்ததே இல்லயே.”

“வந்து பாருங்க.”

கதவண்ணன் பல்லை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் முதல் ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜிப்பு அவரைப் பார்த்ததும் ஓடிப்போய் டீ கொண்டுவந்து வைத்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “அண்ணே, நீங்க வந்ததுல சந்தோஷம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. உங்க கையில தப்பு ஒண்ணும் இல்லயே?”

“ஏன் இல்ல?” கதவண்ணன் திரும்பி உட்கார்ந்தார். “நீங்க எல்லாரும் எவனோ செஞ்ச தப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் வச்சிருக்கறது நானே செஞ்ச தப்பு. இந்தக் கூட்டத்துல சொந்தத் தப்பு வேற யார்கிட்டயாவது இருக்கா? சொல்லுங்கய்யா!”

பல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள்.

படம் ஓடியது. சிறை வந்தது. மூன்று பேரும் கண்ணை மூடி வேண்டிக்கொள்ளும் நேரத்தில் அறைக்கதவு தடதடவென்று தட்டப்பட்டது. நிழல்தான், வழக்கம்போல லேட். ஜிப்பு எழுவதற்குள் கதவண்ணன் எழுந்து போனார். உப்பிப்போன கதவை மூச்சுப் பிடித்து இழுத்தார். அது முழுசாகத் திறந்து சுவரோடு ஒட்டியதும், ஆள் அதற்குப் பின்னால் மறைந்துபோனார். வெளிச்சத்தில் கதவை இழுத்துப் பிடித்திருக்கிற கை மட்டும்தான் தெரிந்தது. திரையிலும் ஒரு கை கதவோரத்தில் வந்தது.

பல்லக்காதான் முதலில் பார்த்தாள். அப்புறம் எல்லாரும் திரையை விட்டுத் திரும்பி, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரே குரலில் கத்தினார்கள்.

“ஐயா, கைய எடுங்க!”

“எடுக்க மாட்டேன்!” என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து கதவண்ணன். “அந்தப் புள்ள உள்ள வரட்டும்.”