பந்தயம் சொல்பவரின் குரல்

குதிரைப் பந்தயத்தில் ஓடாமலே மூச்சு வாங்குகிறவர் ஒருவர் உண்டு. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரலை மட்டும் ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை, சனி ஞாயிறு தவறாமல், வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன்.

அப்பா ஈப்போவில் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். அதற்கு முன்னால் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மரத்தோடு மாரடித்தவனுக்குக் குதிரை என்ன பெரிது என்று அப்பா லாயத்தில் சேர்ந்தார். லாயத்தின் பயிற்சியாளர் ஒரு சீனர். தோட்டத்து வழக்கம் விடாமல் அப்பா அவரையும் ‘தொரை’ என்றே சொல்வார். அந்தச் சீனருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

லாயத்துக்குப் பின்னால் வேலையாட்களின் வரிசை வீடுகள். கோடியில் ஒரு பொதுக்கூடம், அதில் ஒரு தொலைக்காட்சி. பந்தய நாளில் பிள்ளைகளைத் திடலுக்குள் விடமாட்டார்கள். ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற பந்தயத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்ப்போம். மற்றப் பிள்ளைகள் தங்கள் அப்பா குதிரையைப் பிடித்துக்கொண்டு திரையில் வருகிற சில நொடிகளுக்குக் கைதட்டிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். நான் மட்டும் அம்மா பக்கத்தில் கடைசிவரை இருப்பேன். எனக்குக் குதிரையைவிட, பேசுகிறவர்கள்தான் அதிசயம்.

மூன்று பேர் பேசுவார்கள். முதலாமவர் கோட்டுப் போட்டவர். பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டுகிற வட்டத்தில் நின்று ஆங்கிலத்தில் பேசுவார். பெண் பார்க்க வந்த பெரிய மனிதரைப்போல அவருக்கு அவசரமே கிடையாது. தலையிலிருந்து குளம்புவரை பார்த்து, ஒரு குறையும் சொல்லாமல், ஆனால் ஏதோ குறை இருக்கிறது என்று தோன்றும்படி இழுத்து முடிப்பார். குதிரையின் மேனி பளபளக்கிறது என்று அவர் சொன்னதாகப் பக்கத்து வீட்டு அக்கா பெயர்த்துச் சொன்னால் அம்மா நிமிர்ந்து உட்காருவாள். தேய்த்துக் குளிப்பாட்டியது அப்பா அல்லவா.

இரண்டாமவர் அறைக்குள் உட்கார்ந்து காண்டனீஸ் என்கிற சீன மொழியில் பேசுகிறவர். பந்தயத்துக்கு முன் ஒரு குதிரையைக் காட்டி இதுதான் வெல்லும் என்பார். அது தோற்றதும், தோற்கும் என்று தனக்கு எப்போதோ தெரியும் என்பதுபோலச் சிரித்துக்கொண்டே காரணம் சொல்வார். மொழி தெரியாத எனக்கே அவர் எந்த இடத்தில் பூசி மெழுகுகிறார் என்பது விளங்கும். அந்த இடத்தில் மேசை மேலிருக்கும் காகிதத்தை அடுக்க ஆரம்பிப்பார்.

மூன்றாமவர்தான் பந்தயம் சொல்கிறவர். இவர் பேச்சும் ஆங்கிலம்தான், ஆனால் எண்களும் வரிசையும் எனக்கு விளங்கும். குதிரைகள் புறப்பட்டதும் மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோலச் சாவதானமாக ஆரம்பிப்பார். முன்னால் யார், ஒட்டி யார், உள்பக்கம் யார், கடைசியில் யார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கடைசி வளைவு வந்ததும் குரல் படியேறும். ஆனால் எந்தக் குதிரைக்காகவும் ஏறாது, ஓட்டத்துக்காக மட்டும்தான் ஏறும். இதுதான் எனக்குப் புரியாத புதிர். எங்கள் அம்மா தம்பியைக் கூப்பிடுகிற குரல் வேறு, என்னைக் கூப்பிடுகிற குரல் வேறு. இவர் மட்டும் எப்படி எல்லாரையும் ஒரே குரலில் கூப்பிடுகிறார்? இவருக்கென்று ஒரு குதிரைகூடவா பிடிக்காது? அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கடைசிக் குதிரைக்கும் முதல் குதிரைக்கும் நடுவில், பிறர் கண்ணில் படாமல் பலகாரம் எடுக்கிற வேகத்தில் இழுத்துக்கொள்வார்.

கண்டுபிடித்த அன்றே நானும் தமிழில் ஆரம்பித்துவிட்டேன். காலையில் தம்பி பள்ளிக்குக் கிளம்புவதை, “சட்டை முன்னால போவுது, சிலுவாரு ஒட்டி வருது, சப்பாத்து இன்னும் கதவுக்கிட்டயே நிக்குது” என்று கால்சட்டை, காலணிவரை ஒரே மூச்சில் சொல்வேன். அவன் அழுதுகொண்டே வேகமாகக் கிளம்புவான்.

“மூச்ச விட்டுப் பேசுலா” என்பாள் அம்மா. “பொம்பளப் புள்ள பேசற பேச்சா இது?”

அப்பாவுக்கு மட்டும் அது தேவையாயிருந்தது. பந்தயம் ஓடும்போது குதிரைக்காரர்கள் வெளிவாசல் தடுப்பருகே நிற்பார்கள். அங்கிருந்து கடைசி நேர் ஓட்டம்தான் தெரியும். கூட்டத்தின் கூச்சலில் ஒலிபெருக்கி எடுபடாது. ஆகவே சாயங்காலம் அப்பா வந்து குளித்ததும் நான் அவருக்குப் பந்தயம் சொல்வேன்.

அப்பாவின் குதிரைக்குப் பந்தயப் புத்தகத்தில் வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர். அப்பா நிறத்தைப் பார்த்து அதைச் செவலை என்று கூப்பிட்டார். அதுவும் ஆங்கிலப் பெயரை மறந்துவிட்டு இதற்குத்தான் காதை ஆட்டியது. நல்ல குதிரை, ஆனால் ஜெயிப்பதில் பெரிய ஆர்வம் இல்லாத குதிரை. முதல் தடவை நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். செவலை எட்டாவதாக வருகிறது என்றதும் அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த தடவையிலிருந்து அதற்கு இரண்டு மூன்று இடம் கூட்டிக் கொடுத்தேன். முடிவை மாற்ற முடியாது, அது அப்பாவுக்கே தெரியும். நடுவில் நடந்தது என் கையில்தானே இருக்கிறது. என் பந்தயங்களில் செவலை நடுவழியில் ஒருநாளும் பின்தங்கியதில்லை. அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, “அப்படியா?” என்று சிரிப்பார்.

எனக்குப் பத்து வயதான வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தய நாளில் சாயங்காலம்வரை வீட்டுப் பக்கமே வராத அப்பா பசியாற வந்தார். ரொட்டியைக் கோப்பியில் தோய்த்தவர் தின்னாமல் வைத்திருந்தார்.

“செவலைக்கு முன்னங்காலு சூடா இருக்கு, உள்ள ஏதோ அடிபோல” என்றார் அம்மாவிடம். “தொரகிட்ட சொன்னேன். தொட்டுப் பாத்துட்டு, ஒக்கேலா, ஓடட்டும்னுட்டாரு.”

“குதிர டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்ல?”

“தொரைக்கு மேல நான் எப்படிப் போய்ச் சொல்றது?”

அப்பா சிறிது நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். ஊறிப்போன ரொட்டியை நான் தின்றேன்.

மதியம் கூடத்தில் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். அப்பா செவலையைப் பிடித்துக்கொண்டு திரையில் வந்தார். அன்றைக்கு அதற்கு ஆறாம் எண். கோட்டுப் போட்டவர் அதைப் பார்த்து வழக்கம்போல இழுத்துப் பேசினார். மேனி பளபளப்பு என்றார் என்று அக்கா சொன்னாள். அம்மா நிமிரவில்லை.

பந்தயம் புறப்பட்டது. நான் மூன்றாமவரின் குரலைப் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்றுப் பட்டியலில் ஆறாம் எண் கடைசி. இரண்டாம் சுற்றிலும் கடைசி, முன்னால் போகிறதற்கும் இதற்கும் நல்ல தூரம். கடைசி வளைவு தொடங்குகிற இடத்தில், அடுத்த சுற்று சொல்லிக்கொண்டு வந்தவர் முடிவில் ஆறாம் எண்ணைப் பற்றி நாலைந்து வார்த்தை சொன்னார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எப்போதும் மூச்சு இழுக்கிற இடத்தில் இழுத்துக்கொண்டு முதல் குதிரைக்குப் போய்விட்டார். படமும் முன்னால் போகிறவற்றோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் பட்டியலில் ஆறாம் எண் வரவே இல்லை. ஒரு குதிரையையும் மறக்காதவர் இதை எப்படி மறந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“செவலைய ஏன் சொல்ல மாட்றாரு?” என்று கேட்டேன்.

அம்மா பந்தயம் முடியும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். காண்டனீஸ்காரர் வந்து வென்ற குதிரையைப் பற்றிச் சிரிக்க ஆரம்பித்ததும்தான் எழுந்தாள். செவலையின் முன்னங்கால் முறிந்துவிட்டது என்றும், சுற்றிலும் துணிகட்டி மறைத்து டாக்டர் ஊசி போட்டு முடித்துவிட்டார் என்றும் கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். தம்பியும் நானும் அழுதோம். பிறகு பசித்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். குளிக்கப் போகவில்லை. வெளிக்குழாயில் கையை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சோறு போடட்டுமா என்று கேட்டாள், வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “பந்தயத்தச் சொல்லு பாப்பா” என்றார்.

அன்றைக்கு என்னைக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. அதுவும் சிரிக்காமல், ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

“செவல மொதல்லேருந்தே பின்னால போச்சா, இல்ல கடைசி வளவு வரைக்கும் நல்லா ஓடிச்சா? அத மட்டும் சரியாச் சொல்லு.”

இதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாய்க்குப் பழகியது அதுதானே. மூன்றாமவரின் குரலை எடுத்து, பட்டியலைச் சாவதானமாக ஆரம்பித்தேன். ஆறாம் எண் மூன்றாவதாக வருகிறது. உள்பக்கம் இடம் கிடைத்து இரண்டாவதாக வருகிறது. காலை வீசிப் போட்டு ஓடுகிறது. வளைவு வருகிறது. அங்கே அவர் சொன்ன அந்த நாலைந்து ஆங்கில வார்த்தையை, பொருள் தெரியாமலே, அவர் சொன்ன மாதிரியே ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னேன். மூச்சை இழுத்துக்கொண்டு முதல் குதிரைக்குப் போனேன். யார் பக்கமும் சாயாத அந்தக் குரலில் சொன்னபோது எனக்கே அது நடந்ததுபோல இருந்தது.

“வளவு வரைக்கும் நல்லா ஓடிச்சா?”

“நல்லா ஓடிச்சுப்பா.”

“அப்ப காலைல கால்ல பெருசா ஒன்னுமில்ல. வளவுலதான் தடுக்கியிருக்கு” என்றார் அப்பா. இரண்டு தடவை சொன்னார். பிறகு என் தலையில் ஈரக் கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். சோறு போடச் சொன்னார்.

பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்கிற அம்மா அன்றைக்கு என்னை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டு எழுந்ததும் என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். பந்தயத்தை நன்றாகச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து முள்கூட மிச்சமில்லாமல் தின்றேன். அந்தப் பெருமை எனக்குப் பல வருடம் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, அழுகையும் வருகிறது.

அந்தப் பந்தயத்தை முதலிலிருந்து கடைசிவரை கண் எடுக்காமல் பார்த்தவள் அம்மா. நடக்காததைச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. நான் பந்தயம் சொன்ன நேரம் முழுக்க அவள் அப்பாவுக்கு இரண்டடி தள்ளிச் சோற்றுக் கரண்டியோடு நின்றிருந்தாள். அப்பா அவளிடம் ஏன் கேட்கவில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.