இன்ஸ்பெக்‌ஷன் நாற்காலி

எங்கள் அரசுப் பள்ளிக்கு இன்று புது நாற்காலிகள் வந்தன. சிமெண்டுத் தரையில் ஒன்றை யாரோ இழுத்த சத்தத்தில் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளில், பொள்ளாச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் அம்மா டீச்சர். நான் அவள் வகுப்பிலேயே படித்தேன். அரசுப் பள்ளி டீச்சரான பெரியம்மாவின் சம்பளத்தில் கால்வாசிதான் அம்மாவுக்கு. வகுப்பில் நாற்காலியும் கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடத்தமாட்டார்கள் என்பது பள்ளியை நடத்திய கரஸ்பாண்டண்டின் கணிப்பு. சாயங்காலம் அம்மாவின் வீங்கிய கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது என் வேலை.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் கல்யாண மண்டபத்திலிருந்து வாடகை நாற்காலிகள் வரும். அந்த வருடம் அதிகாரியின் ஜீப் கிளம்பியதும் வாட்ச்மேன் வந்தார். அம்மா உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டீச்சர், எந்திரிங்க. நாற்காலி ஏத்த வண்டி நிக்குதுங்க."

"கரஸ்பாண்டண்ட் சாரே வந்து எடுத்துக்கட்டுமுங்க."

அவரே வந்துவிட்டார். வீடு ஓடியது அம்மாவின் சம்பளத்தில்தான். அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை.

அம்மா எழவில்லை. "வணக்கங்க சார். நாப்பது நோட்டு இருக்குதுங்க. நாளைக்கும் இருக்குமுங்க."

வகுப்புகளைப் பிரித்த தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த டீச்சர்களும் எழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி காலியாகவே மண்டபத்துக்குத் திரும்பியது.

இன்று தலைமையாசிரியர் நான். புது நாற்காலிகளில் முதலாவதை, சொற்பச் சம்பளத்துக்கு வரும் தற்காலிக டீச்சரின் வகுப்புக்கு நானே இழுத்துப்போனேன்.

"எனக்கெதுக்குங்க மேடம்?" என்றார்.

"உக்காருங்க டீச்சர். யாரு வந்தாலும் எந்திரிக்காதீங்க."