நடக்க விடாத காலனி

உடம்பும் மனசும் தெம்பாக இருக்க தினமும் நடங்கள் என்றார் டாக்டர். சமையல், ஆபீஸ், மறுபடி சமையல் என்று ஓடுகிறவளுக்கு அதற்கு ஏது நேரம்? ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தே போவதென்று முடிவு செய்தேன்.

எங்கள் காலனியில் யாராவது நடந்து போனால் மற்றவர்களுக்கு மனசு கேட்காது. "ஏறுங்கக்கா, ஸ்டேஷன்ல விட்டுடறேன்" என்று வண்டியை நிறுத்துவார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். முதல் வாரம் நான் நடந்து தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. எதிர்வீட்டுப் பெண்தான் ரொம்பப் படுத்தினாள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "நான் வாக்கிங் போறேன், ஆளை விடும்மா!" என்று கத்திவிட்டேன்.

இனிமேல் பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு என் வீட்டு கேட்டருகே நின்றிருந்தாள். "எனக்கும் நடக்க நேரமே கிடைக்கலக்கா. இது நல்ல ஐடியாவா இருக்கே!"

வீட்டுக் கதை, ஆபீஸ் கதை எல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டே நடந்தோம். காலனி செக்ரட்டரி பக்கத்தில் வந்து காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்தார்.

"நல்லவேளை, இன்னிக்கு நான் ஸ்கூட்டர் எடுக்காம கார்ல வந்தேன். ரெண்டு பேருமே ஏறுங்கம்மா!"