சராசரியை நம்பாதவள்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறாள் சுலாஸ்த்ரி அக்கா. சர்வரில் பதினாறு பிராசசர்கள். மொத்த உழைப்பு ஆறு சதவீதம் என்று காட்டினால் நாங்கள் எழுந்து போய்விடுவோம். அவள் போகமாட்டாள். "பதினஞ்சு பேரு சும்மா ஒக்காந்திருக்கான், ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான். இதுக்குப் பேரு ஆறு பர்சன்ட்டா?"

சுரபாயாவில் கப்பல் டிக்கெட் விற்கும் கம்பெனி எங்களுடையது. சர்வர் அறைக் குளிருக்கு அவள் இரண்டு ஜோடி காலுறை போடுவாள். நோன்பு மாதத்தில் அவளிடம் வாய் கொடுத்தால் தொலைந்தோம்.

பெருநாள் வாரம் பார்த்து இரண்டு நாள் டிக்கெட் விற்பனை படுத்துவிட்டது. ஊருக்குப் போக வேண்டிய ஜனம் துறைமுகத்தில் பிள்ளைகளோடு தரையில் கிடந்தது. அப்போது சர்வரைக் கண்காணிக்கும் பணியில் இருந்த ஹர்தோயோதான் காரணம் என்று மேனேஜர் விபோவோ முடிவுகட்டிவிட்டார். அறிக்கை எழுதும் வேலை அக்காவுக்கு. ஹர்தோயோ ஒப்பந்த ஆள், சீட்டுக் கிழிந்துவிடும்.

"நான் எதையும் தொடலக்கா. வேல போச்சுன்னு மாமனார் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"அழாத. தள்ளு, பாக்கறேன்."

எண்ணினாள். முதல் பிராசசர் மட்டும் நூறு. நெட்வொர்க் டிரைவர் என்ற மென்பொருளைப் புதிதாக மாற்றியபோது, வரும் தகவலை எல்லோருக்கும் பிரித்துக்கொடுக்கும் அமைப்பு அழிந்து, அத்தனையும் ஒருவன் தலையில் விழுந்திருக்கிறது. மாற்றியது யார் என்று பதிவைத் திறந்தாள். பத்து நாள் முந்தைய தேதி. அவள் பெயர்.

"அன்னிக்கு நோன்பு தொறக்கற அவசரம். மொத்தத்த மட்டும் பாத்தேன், மூணு பர்சன்ட்டு. சரின்னு ஓடிட்டேன்" என்றாள்.

அமைப்பைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம்தான் ஆனது. டிக்கெட் ஓடத் தொடங்கியது. எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"டிரைவர் கோளாறுன்னு மட்டும் எழுதுக்கா. மேனேஜருக்கு அந்தப் பதிவத் தொறக்கவே தெரியாது. நீயும் ஒப்பந்தந்தானே?" என்றேன்.

"ஆமா. வர்ற மாசம் முடியுது. ஆள் பேரு இல்லாம அவரு விடமாட்டாரு."

அறிக்கையில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் ஹர்தோயோவின் பெயரை மேனேஜரே அடித்து அனுப்பியிருந்தார். அதை அழித்தாள். தன் முழுப்பெயரை அடித்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

"எழுத்துப் பிழ இருக்கா, பாரு."